பிறையில் கிடந்த அண்டாக்கள்

பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத அண்டாக்கள், ஒன்றின் மேல் ஒன்றாகக் கூரை வரைக்கும். நான் வேலையை விட்டு வீட்டோடு இருக்கும் இந்நாளிலும், எங்கள் கணக்காளர் அம்மாவை நினைத்தால் அதுதான் முதலில் கண்ணுக்கு வருகிறது. ஜார்ஜ்டவுன் அலுவலகத்தில் தேநீர் கலக்கிக் கொடுப்பது என் வேலை. பிறை என்ற ஊரில் இருந்த கிடங்கில் சரக்கு இருக்கிறதா என்று பார்க்கப் போனபோது, துணைக்கு என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார்.

முதலாளிக்கு இரண்டு கம்பெனி. ஜார்ஜ்டவுனில் இருந்தது தாய்க் கம்பெனி. பிறையில் இருந்தது அதற்குச் சொந்தமான பிள்ளைக் கம்பெனி. தைப்பூசத்துக்கு அன்னதானம் போடும் பந்தல்காரர்கள் வாங்குவார்கள் என்று, வருடக் கடைசியில் தாய் பிள்ளைக்கு அண்டாக்களை லாபம் வைத்து விற்றிருந்தது. இரண்டு கணக்கையும் ஒன்றாகச் சேர்த்து, லாபம் வந்தால்தான் போனஸ் என்று முதலாளி சொல்லியிருந்தார். அண்டா லாபத்தைச் சேர்த்தால் போனஸ் உண்டு, கழித்தால் இல்லை. அம்மா கழித்துவிட்டார்.

லோரி ஓட்டுநர் தேநீர் அறையில் கேட்டார்: “ஏன் மேடம், நாந்தானே ஏத்திட்டுப் போனேன். பில்லும் இருக்கு. வித்தது வித்ததுதானே லா?”

“யாருக்கு வித்தோம் அண்ணே? நமக்கே வித்துக்கிட்டோம். வெளியாள் ஒருத்தர் வாங்கட்டும், அப்ப லாபம்னு எழுதலாம்.”

“அப்ப எங்க போனஸ அண்டாக்குள்ள போட்டு மூடிட்டீங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். அதற்குப் பிறகு மதியச் சாப்பாட்டுக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை. முதலாளி அறைக்குள் அழைத்து வைத்துப் பேசிப் பார்த்தார், கணக்கு மாறவில்லை. போனஸ் போனது அம்மாவுக்கும்தான். அதை அவர் சொல்லிக்காட்டவில்லை. தைப்பூசத்துக்குப் பந்தல்காரர்கள் பழைய அண்டாக்களையே துலக்கி எடுத்துக்கொண்டார்கள். சில மாதங்களில் அம்மா புக்கிட் மெர்தாஜாமில், வீட்டுக்குப் பக்கத்திலேயே வேலை கிடைத்துப் போய்விட்டார்.

அதன் பிறகுதான் கல்யாணச் சமையல்காரர் ஒருவர் அண்டாக்களை மொத்தமாக வாங்கினார். அந்த வருடக் கணக்கில் லாபம் வந்தது. போனஸும் வந்தது.

“புது மேடம் வந்த ராசி லா,” என்றார் ஓட்டுநர், போனஸ் உறையை மடித்துப் பைக்குள் வைத்தபடி. புதிதாக வந்திருந்த கணக்காளரும் மறுக்கவில்லை.

“வெளியாள் வாங்கட்டும்னு பழைய மேடம் சொன்னாங்கல்ல. அந்த லாபந்தான் இது,” என்றேன். நாலு பேர் நடுவில் நான் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். “அக்காவுக்குப் பேச வருமா?” என்றார்.

மறுபடியும் சிரித்தார்கள். நான் கோப்பைகளை எடுத்துக்கொண்டு கழுவப் போனேன்.