நீதிபதி மூடி வைத்த கைது

ஒடெஸ்ஸா மெக்ரே வந்தால்தான் குளிப்போம் என்று அடம்பிடிக்கும் கிழவிகள் அமெரிக்காவின் டேட்டன் நகரத்து அந்த முதியோர் இல்லத்தில் எப்போதும் சிலர் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தியின் மோதிரம் காணாமல் போனது. ஒடெஸ்ஸா சூப் ஊட்டிக்கொண்டிருக்கும்போதே போலீஸ் வந்து விலங்கு மாட்டியது.

வழக்கு ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்தது. குற்றமற்றவள் என்று ஜூரிகள் சொன்னதும் தங்கை லவான் கட்டிக்கொண்டு அழுதாள். "முடிஞ்சதுக்கா, எல்லாம் முடிஞ்சது."

எங்கே முடிந்தது? வேலை கேட்டுப் போன இடமெல்லாம் அவள் பெயரைக் கணினியில் தட்டினார்கள். திருட்டு, கைது என்று வந்தது. விடுதலையான சங்கதி கீழே பொடி எழுத்தில் கிடந்தது. அதுவரை படிக்க யாருக்கும் பொறுமை இல்லை.

கடைசியில் இலவச சட்ட உதவி வக்கீல் ப்ரியான் மனுப் போட, அந்தக் கைதுப் பதிவை யாரும் பார்க்காதபடி 'சீல்' வைக்க நீதிபதி உத்தரவிட்டார்.

"கைதாகியிருக்கீங்களான்னு யாராச்சும் கேட்டா, இல்லைன்னே சொல்லுங்க. சட்டப்படி அது நடக்கவே இல்லை," என்றாள் ப்ரியான்.

"எனக்கு நடந்துச்சேம்மா," என்றாள் ஒடெஸ்ஸா. இருவரும் சிரித்துவிட்டார்கள்.

கோர்ட் உத்தரவைக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஊரின் மறுகோடியில் ஓர் இல்லத்துக்கு வேலை கேட்டுப் போனாள். கைதானதுண்டா என்று மேலாளர் கேட்டார். இல்லை என்றாள். அவர் கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார். கைதான அன்று போலீஸ் எடுத்த அவளுடைய படமே அதில் இருந்தது.

உத்தரவை நீட்டினாள். அவர் கையில் வாங்கவில்லை.

"இது கோர்ட் பதிவுக்குத்தான். வேலைக்கு வர்றவங்களைப் பத்தி நாங்க விவரம் வாங்குற கம்பெனி வேற. நீங்க திருடினீங்களோ இல்லையோ, எனக்குத் தெரியாது. ஆனா இப்ப என் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னீங்க."

ப்ரியானுக்கு போன் போட்டாள். "சீல் வைக்கிறதுக்கு முன்னாடியே அந்தக் கம்பெனிக்காரங்க பதிவை வாங்கி வெச்சிருக்காங்க. அழிக்கச் சொல்லி எழுதிப் போடலாம். ஒருத்தன் அழிச்சா இன்னொருத்தன்கிட்ட இருக்கும்," என்றாள் ப்ரியான். அவள் குரலில் சுரத்தே இல்லை.

இப்போது ஒடெஸ்ஸா ஓட்டல் படுக்கை விரிப்புகளை வெளுக்கும், நீராவி சூழ்ந்த சலவைக்கூடத்தில் நிற்கிறாள். போன ஞாயிறு சர்ச்சில், படுத்த படுக்கையாகிவிட்ட ஒரு பெரியவரைக் கவனிக்க ஆள் வேண்டுமென்று போதகர் கேட்டார். லவான் அக்காவின் விலாவில் இடித்தாள். "உன் கைக்குப் பழகின வேலைதானேக்கா."

"அவங்க வீட்டுல என் பேரைக் குடுக்கணும்டி," என்றாள் ஒடெஸ்ஸா. கை தூக்கவில்லை.