கழுவிய பிரியாணி

“ஆடி மூன்றாம் வெள்ளி, காலை 6.40. நாலுவழிச்சாலை நாய் மூன்றாம் நாளாக எதையும் தொடவில்லை. தண்ணீர் மட்டும் குடிக்கிறது. பால், அவித்த முட்டை, தயிர்ச்சோறு மூன்றையும் வைத்து, அப்படியே எடுத்தோம். இன்று எங்கும் கல்யாணம் இல்லை.”

திருமங்கலத்தைத் தாண்டி நாங்கள் நடத்தும் விலங்குக் காப்பகத்தின் பதிவேட்டில் உள்ள குறிப்பு இது. எழுதியது நான்தான். ஒரு மிஷன் பள்ளி அலுவலகத்தில் பதிவேடு எழுதியே ஓய்வு பெற்றவன். அந்தப் பழக்கத்தை இங்கேயும் கொண்டுவந்துவிட்டேன். நாய்களுக்கு நாங்கள் பெயர் வைப்பதில்லை. கண்டெடுத்த இடமே பெயர். அதனால் எங்களிடம் ஒரு பழங்காநத்தம் உண்டு, இரண்டு ஆரப்பாளையங்கள் உண்டு. இரண்டும் ஒன்றையொன்று பார்த்தாலே உறுமும்.

குறிப்பின் கடைசி வரிக்கு விளக்கம் தேவை. நாற்பது சொச்சம் நாய்களுக்குத் தினமும் சோறு வடித்துக் கட்டுப்படியாகாது. கல்யாண மண்டபங்களில் மிஞ்சும் சோறுதான் எங்கள் பிழைப்பு. ஆகவே அலுவலக அறைச் சுவரில் மூன்று காலண்டர்கள் தொங்குகின்றன: முகூர்த்த நாள் பார்க்க ஒரு தினசரி காலண்டர், தேவாலயத்தில் கொடுத்தது ஒன்று, பள்ளிவாசலில் கொடுத்தது ஒன்று. தவக்காலத்தில் கிறிஸ்தவக் கல்யாணம் இருக்காது. நோன்பு மாதத்தில் முஸ்லிம் வீட்டுக் கல்யாணம் அபூர்வம். ஆடியிலும் மார்கழியிலும் இந்துக் கல்யாணம் இல்லை. ஒரு கதவு அடைத்திருக்கும்போது இன்னொன்று எப்போது திறக்கும் என்று பார்த்து வைப்பது என் வேலை. மதுரையைச் சுற்றி யார் வீட்டில் கல்யாணம் என்பதைத் தரகர்களுக்கு அடுத்தபடியாகத் தெரிந்தவன் நான் என்று எங்கள் டாக்டர் சொல்வார்.

ஆடி மாதத்தில் எங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் பிரியாணி. தொடங்கிய வருடம் அதை அப்படியே வைத்தோம். மறுநாள் காப்பகம் இருந்த இருப்பைப் பதிவேட்டில் ஒரே வரியில் முடித்திருக்கிறேன். அதற்கு மேல் எழுத மனம் வரவில்லை. அன்றிலிருந்து பிரியாணி வந்தால் எலும்பு பொறுக்கி, கூடையில் கொட்டி, தொட்டித் தண்ணீரில் மூன்று முறை அலசி, சோறு வெளுத்த பிறகே வைப்பது என்று விதி செய்தேன். கொண்டுவந்து தரும் சமையல்காரர் பாய்க்கு அதைப் பார்க்கவே ஆகாது.

“தம் போட்டு இறக்குன பிரியாணிய இப்படிப் போர்வை மாதிரி அலசுறீங்களேக்கா,” என்பார்.

“அலசாமப் போட்டா நாளைக்கு நான் தரையத்தான அலசணும், பாய். நீங்க வந்து கழுவுறீங்களா?” என்பார் எங்கள் சமையல் அக்கா.

நாலுவழிச்சாலை நாயைக் கொண்டுவந்தது இந்த அக்காதான். ஏதோ வண்டி அடித்து, பின்னங்கால் முறிந்து கிடந்ததை ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்து, பக்கத்து சீட்டுக்காரர்கள் முகம் சுளிக்கச் சுளிக்க வந்து இறங்கினார். டாக்டர் மாவுக்கட்டு போட்டார். கால் சேர்ந்துவிடும், ஆனால் சாப்பிட வேண்டும் என்றார். அது சாப்பிடவில்லை. அக்கா ரொட்டி கொடுத்தார், ஈரலை அவித்துக் கொடுத்தார், பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுக் கதையெல்லாம் சொன்னார். அது சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டது. சனிக்கிழமை குளுக்கோஸ் ஏற்றிவிட்டு, எத்தனை நாளைக்கு இப்படி ஊசியிலேயே ஓட்டுவது, திங்கட்கிழமைக்குள் சாப்பிடாவிட்டால் நம்பிக்கை இல்லை என்று டாக்டர் சொன்னார். அன்று அக்கா தனக்கு எடுத்து வந்த சாப்பாட்டைப் பிரிக்கவில்லை.

ஞாயிறு மதியம் பாய் லோடு ஆட்டோவில் ஓர் அண்டா நிறையக் கொண்டுவந்தார். திறந்ததும் காப்பகம் முழுக்க மணம். நாங்கள் கூடையோடு தொட்டிக்குப் போனோம். முதல் கூடையைத் தண்ணீரில் அமிழ்த்தப் போகும்போது பின்னால் ஒரு குரைப்பு. புதுக் குரல். திரும்பினால் நாலுவழிச்சாலை மூன்று காலில் எழுந்து கூண்டுக் கதவில் மூக்கை நுழைத்து நிற்கிறது. வால் ஆடுகிறது.

“சார், ஒரு கை கழுவாம வைக்கவா?” என்றார் அக்கா.

குடல் காய்ந்து கிடக்கிறது, மசாலா ஆகாது, அலசியே வையுங்கள் என்றேன். அலசி வைத்தார். அது முகர்ந்தது. எங்கள் இருவரையும் ஒருமுறை பார்த்துவிட்டு வாலை நிறுத்திக்கொண்டது.

பாய் தலையில் கைவைத்தார். “பாருங்க சார், அதுக்கே தெரியுது.”

அக்கா இந்த முறை என்னைக் கேட்கவில்லை. அண்டாவிலிருந்து ஒரு கை அள்ளி எலும்பு பார்த்து வைத்தார். தட்டு சுவரில் முட்டி நிற்கும்வரை நாய் அதை நக்கிக்கொண்டே தள்ளிப் போனது. நான் பயந்து டாக்டருக்கு போன் செய்தேன். மூன்று முறை அலசும் விதியிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன்.

“சாப்பிட்டுச்சுல்ல? அப்ப உங்க விதியக் கொஞ்சம் மடிச்சு வைங்க சார்,” என்றார்.

வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த நாட்களில் ஒரு பங்கு அலசியது, மூன்று பங்கு அலசாதது என்று தொடங்கி, மெல்ல மாற்றி, ஆடி முடிவதற்குள் வெள்ளைச் சோற்றுக்குக் கொண்டுவந்தோம். வெள்ளைச் சோற்றை அது இப்போதும் உண்ணும், ஆனால் நமக்கு உபகாரம் செய்வதுபோல. மாவுக்கட்டுப் பிரித்த அன்று அக்கா எல்லோருக்கும் கேசரி கிண்டினார்.

இந்த நாய் எங்கே வளர்ந்தது என்ற கேள்வி மட்டும் மிச்சம். அதே சாலையில் ஒரு மண்டபத்துச் சமையற்கட்டின் பின்னால், காது நுனி வெளுத்த செவலை நாய் ஒன்று கிடந்ததாகவும், தானே அதற்குப் பலமுறை பிரியாணி வைத்திருப்பதாகவும் பாய் சொல்கிறார். எங்கள் நாயும் செவலைதான், காது நுனியும் வெளுப்புதான். இந்த ஆடியில் அங்கே ஒரு கல்யாணமும் இல்லாமல் மண்டபம் பூட்டிக் கிடந்ததால் சோறு தேடிச் சாலைக்கு வந்திருக்கும் என்பது அவர் கணக்கு. ஆவணி முதல் முகூர்த்தத்தன்று நேரில் போய் விசாரித்தேன். காவலாளி புதியவர், பழையவர் ஊருக்குப் போய்விட்டாராம், எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. ஆகவே பாய் சொன்னதைப் பதிவேட்டில் பென்சிலால் எழுதி, பக்கத்தில் ‘இன்னும் உறுதி செய்யப்படவில்லை’ என்று குறித்திருக்கிறேன்.