தோளில் இருந்த விரல்கள்

கோவில்பட்டியிலிருந்து எப்போதும்வென்றான் போகும் பஸ்ஸில், முன் சீட்டுக்காரர் போனில் சத்தமாகச் செய்தி பார்த்துக்கொண்டு வந்தார். பிடித்தவனைக் கல்யாணம் செய்துகொண்ட மகளுக்கு, அவள் உயிரோடு இருக்கும்போதே கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டாராம் ஒரு தகப்பன். கல்யாணத் தேதியையே இறந்த தேதியாகப் போட்டிருக்கிறார். துக்கம் கேட்கவும் ஆட்கள் வந்தார்களாம்.

“அவியளுக்கு மானம் போயிட்டுல்லா,” என்றார் முன் சீட்டுக்காரர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “நல்லா இருக்க பிள்ளைக்கு மாலை போட்டா, போன மானம் வந்துருமா அண்ணாச்சி?”

அவர் வெளியே கை காட்டினார். “இந்தா, இங்கனதான்.”

பஸ் நின்றது. பருத்தி எடுத்து முடிந்த கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நிறுத்தத்தில் அந்த ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தது. மாலைக்குள் அந்தப் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். காற்றில் ஃப்ளெக்ஸ் உப்பி அடங்கியபோது அவள் மூச்சு விடுவது போலிருந்தது. ஏதோ குடும்பப் படத்திலிருந்து அவளை மட்டும் வெட்டி எடுத்திருக்கிறார்கள். அவள் தோளில் யாருடையதோ நான்கு விரல்கள் மிச்சமிருந்தன.

என் பக்கத்தில், ஜன்னலோரம், ஏறியதிலிருந்தே துப்பட்டாவால் முகத்தை மூடியிருந்தவள் வெளியே எட்டிப் பார்த்தாள். துப்பட்டா நழுவியது. ஃப்ளெக்ஸில் இருந்த அதே முகம்.

பஸ் கிளம்பிய பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

“போன்ல சரியாத் தெரியலக்கா. அந்த விரல் யாருதுன்னு பாக்கத்தான் வந்தேன்,” என்றாள். “எங்கம்மாதுதான்.”