இருபத்திரண்டாவது நிமிடம்

அவளுக்குப் பேருந்துப் பணிமனையில் கால அட்டவணை எழுதும் வேலை. எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டும், எங்கே எத்தனை நிமிடம் நிற்க வேண்டும் என்று பத்தொன்பது வருடமாக எழுதி எழுதி, ஆளே அப்படி ஆகிவிட்டாள். "ஏழு நிமிஷத்துல வந்துடறேன்" என்று சொன்னால் ஏழாவது நிமிடம் வந்து நிற்பாள். பணிமனையில் அவளுக்கு நிமிஷக்காரி என்று பெயர். வீட்டில் புருஷனும் அப்படித்தான் கூப்பிடுவான், அவள் காதில் விழாத தூரத்தில் இருந்துகொண்டு.

சிறு வயதில் அண்ணனுக்குச் சாவி கொடுத்தால் ஓடும் ரயில் வாங்கித் தந்தார்கள். தண்டவாளம் நகராமல் பிடித்துக்கொள்ளும் வேலை அவளுக்கு. அந்தக் கடுப்பு முப்பது வருடமாகியும் ஆறவில்லை. கடுப்பை ஆறவிடும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. நாற்பது வயதில், கடைத்தெரு மாடியில் இருந்த மாதிரி ரயில் சங்கத்தில் போய்ச் சேர்ந்தாள். நாலு வருட ஞாயிற்றுக்கிழமைகளைக் கொட்டி, பித்தளைத் தகட்டை வெட்டி, அரத்தால் ராவி, ஒரு சாண் நீளத்தில் பச்சை இன்ஜின் ஒன்றைத் தானே செய்தாள். பெற்ற பிள்ளையைக்கூட அவள் அப்படித் துடைத்து வைத்ததில்லை என்பான் புருஷன்.

சங்கத்து அறையின் நாலு சுவரையும் ஒட்டி, நெஞ்சு உயரத்தில் தண்டவாளம் ஓடியது. வாசல் இருக்கும் இடத்தில் மட்டும் தண்டவாளம் பதித்த ஒரு பலகை. அதைத் தூக்கினால் ஆள் உள்ளே வரலாம். இறக்கினால் ரயில் போகலாம். தூக்கியவர் இறக்க வேண்டும் என்பது சங்கத்தின் முதல் விதி. அதை எழுதியவர் செயலாளர், பல் டாக்டர். எழுதியதோடு சரி. அவர் தூக்கிய பலகையை அவரே இறக்கி யாரும் பார்த்ததில்லை.

ஞாயிறுதோறும் ஆளுக்கொரு கன்ட்ரோலரைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் எழுதிய அட்டவணைப்படி வண்டி ஓட்டுவார்கள். ரயிலைத் தடம் மாற்றிவிடும் பாயிண்ட்களும் அந்தக் கன்ட்ரோலரில்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய பச்சை இன்ஜின் மெயில் வண்டியை இழுத்துக்கொண்டு வாசல் பக்கம் வந்தது. ஏழாம் பாயிண்ட்டில் உள்பக்கம் வளைய வேண்டியது, வளையாமல் நேரே போனது. பலகை தூக்கியிருந்தது. நாலடி உயரத்திலிருந்து சிமென்ட் தரையில் விழுந்து, நாலு வருடம் நாற்பது துண்டானது.

"பாயிண்ட்டைத் தப்பாத் திருப்பிட்டாங்க, பாவம்" என்றார் பல் டாக்டர், எல்லோருக்கும் முன்னால்.

"நான் தொடவே இல்லை டாக்டர்."

"விடும்மா. பொம்மைதானே! இதுக்குப் போய் யாராவது கண்ணைக் கசக்குவாங்களா?"

துண்டுகளை ஒரு செருப்பு டப்பாவில் போட்டு அவர்தான் கையில் கொடுத்தார். சங்கத்துக் குறிப்பேட்டில் 'உறுப்பினரின் கவனக்குறைவு' என்று எழுதினார். இனி அவள் வண்டி ஓட்ட வேண்டாம், மூலையில் இருக்கும் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டால் போதும் என்றும் முடிவானது. தலைவர், மருந்துக்கடைக்காரர், நல்ல மனுஷர்தான். யார் கடைசியாகப் பேசினாரோ அவர் பக்கம் தலையாட்டுவார். கடைசியாகப் பேசியது பல் டாக்டர்.

அந்த மூலைதான் அவருக்கு வினையானது.

கம்ப்யூட்டரில் புதிதாக ஒரு வசதி போட்டிருந்தார்கள். எந்த நொடியில் எந்தக் கன்ட்ரோலர் என்ன கட்டளை கொடுத்தது என்று பதிவு செய்துகொள்ளும். பிறகு வண்டிகளைப் பழைய இடத்தில் நிறுத்திவிட்டு ஓடவிட்டால், ஆள் தொடாமலே அன்று ஓடியது அப்படியே திரும்ப ஓடும். அவளுடைய இன்ஜின் விழுந்த அன்றும் அது பதிவு செய்துகொண்டுதான் இருந்தது. அது யாருக்கும் நினைவில்லை.

அவள் வரிவரியாகப் பார்த்தாள். இருபத்திரண்டாவது நிமிடம், பத்தாவது நொடி: ஏழாம் பாயிண்ட், மூன்றாம் கன்ட்ரோலர். மூன்று, பல் டாக்டருடையது. போன் பேச வெளியே போகப் பலகையைத் தூக்கியவர், தன் சரக்கு வண்டிக்கு எட்டை அழுத்துவதற்குப் பதில் ஏழை அழுத்தியிருந்தார். கை தவறுவது யாருக்கும் நடப்பது. ஆனால் நாலு நொடி கழித்து அதே மூன்று, ஏழைத் திருப்பி வைத்திருந்தது. அதற்குள் இன்ஜின் தாண்டிவிட்டது. ஆக, மனுஷனுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் "பாவம்" என்றிருக்கிறார்.

அன்றைக்கே காட்டியிருக்கலாம். காட்டினால், "நம்பரை மாத்தி எழுத எவ்வளவு நேரமாகும்?" என்று சிரித்தே மழுப்புவார், தலைவர் தலையாட்டுவார். அவள் வாயைத் திறக்கவில்லை. எட்டு மாதம் திறக்கவில்லை. புருஷன் பயந்தே போனான்.

ஆண்டு விழா வந்தது. பல் டாக்டரே வந்து கேட்டார்: "விருந்தாளிங்க முன்னாடி வண்டியெல்லாம் தானா ஓடணும்மா. மெயிலுக்கு என்னோட புதுக் கறுப்பு இன்ஜினைப் போடுங்க."

"போட்டுடலாம் டாக்டர்" என்றாள். அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினாள்.

மூன்று ஞாயிறு கறுப்பு இன்ஜினை ஓட்டிப் பழக்கினாள். அந்த ஞாயிற்றுக்கிழமைப் பதிவுக்கு இது ஓடும்படி பச்சை இன்ஜினின் நம்பரை அதற்குக் கொடுத்தாள், வேகத்தை ஒத்துப்போகச் செய்தாள், கிளம்பும் இடத்தில் சாக்குக்கட்டியால் கோடு போட்டாள். பலகை இறங்கியிருந்தால் ஒன்றும் ஆகாது; இன்ஜின் பாட்டுக்கு அதன்மேல் போய்விடும். பலகையில் அவள் கை வைக்கவே போவதில்லை. அதற்குத்தான் ஆள் இருக்கிறாரே.

விழா அன்று விருந்தாளிகளை அழைத்துவர அவர்தான் பலகையைத் தூக்கினார். இறக்கவில்லை. வாசல் முழுக்கக் கூட்டம். அவள் பொத்தானை அழுத்தினாள்.

யாரும் தொடாமலே வண்டிகள் கிளம்பின, நின்றன, ஒன்றுக்கொன்று வழிவிட்டன. எல்லோரும் கை தட்டினார்கள். இருபது நிமிடம் பல் டாக்டரும் தட்டினார். பிறகு சரக்கு வண்டி, அட்டையால் செய்த ஆலை முன்னால் வந்து, நின்று, பின்னால் போய், மறுபடி நின்றது. அந்தத் தடுமாற்றம் எட்டு மாதத்துக்கு முன்னால் அவர் செய்தது. அவர் முகம் வெளிறியது. அறையின் கடைசியில், கூட்டத்துக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார்.

"நிறுத்துங்க! பலகையை இறக்குங்க! ஏழு திரும்பப் போகுது!"

எல்லோரும் ஏழாம் பாயிண்ட்டைப் பார்த்தார்கள். அது ஒழுங்காகத்தான் இருந்தது. மெயில் அப்போதுதான் குகையை விட்டு வெளியே வந்துகொண்டிருந்தது.

"திரும்பும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் தலைவர். வாழ்நாளில் அவர் கேட்ட ஒரே உருப்படியான கேள்வி.

"அன்னிக்கு... நான்தான். கை தவறிடுச்சு. அம்மா, தயவுசெஞ்சு நிறுத்துங்க!"

அவள் விரல் நிறுத்தும் பொத்தான்மேல்தான் இருந்தது. வேண்டியது கிடைத்துவிட்டது. ஊர் கேட்க ஒப்புக்கொண்டாயிற்று. இன்னும் பன்னிரண்டு நொடி இருந்தது. பெரிய மனது உள்ளவள் அழுத்தியிருப்பாள். அவள் செருப்பு டப்பாவை நினைத்துக்கொண்டு விரலை எடுத்து மடியில் வைத்தாள்.

ஏழு திரும்பியது. கறுப்பு இன்ஜின் நேரே போய் விழுந்தது. நாலு நொடி கழித்து ஏழு பழையபடி திரும்பிக்கொண்டது. அதை எல்லோரும் பார்த்தார்கள்.

அவள் எழுந்து போய், குனிந்து, துண்டுகளை ஒன்று விடாமல் பொறுக்கினாள். கூடவே கொண்டுவந்திருந்த செருப்பு டப்பாவில் போட்டு மூடி, அவர் கையில் கொடுத்தாள்.

"விடுங்க டாக்டர்" என்றாள். "பொம்மைதானே."