ஜெட்டி என்று எழுதினேன்

என் தூண்டில் பெட்டியின் மூடிக்குள் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் துண்டு ஒட்டியிருக்கிறது. விரல் நீளம், வேக வைக்காத மீ நூடுல்ஸ் அளவு தடிப்பு. அதில் நானூற்றுப் பதினேழு என்று எண்ணும், கீழே ஒரு டெலிபோன் நம்பரும் இருக்கும். நம்பர் பாதி அழிந்துவிட்டது. பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அது கண்ணில் படும். படட்டும் என்றுதான் ஒட்டி வைத்தேன்.

நான் அதிகம் படித்தவன் இல்லை. சித்தியவான் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தேன், தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு சரி. ரப்பரை வெட்டிச் செம்பனை போட்டார்கள், ஆள் குறைத்தார்கள், நாங்கள் ஈப்போவுக்கு வந்து புந்தோங்கில் குடியேறினோம். முப்பது வருடம் லோரி ஓட்டினேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மோட்டார் சைக்கிளில் கடலுக்குப் போய்விடுவேன். கூட என் மச்சான் வருவான். என் மனைவியின் தம்பி, மோட்டார் பட்டறை வைத்திருப்பவன். நான் பேசாததை எல்லாம் சேர்த்து அவன் பேசுவான்.

டாக்டரை அங்கேதான் பார்த்தோம். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, மீனைப் படித்த டாக்டர். முப்பத்தைந்து வயது இருக்கும், தமிழ்ப் பெண். முழங்கால் வரை சேற்றில் நின்றுகொண்டு எங்களைக் கூப்பிட்டார். கொடுவாய் மீனை, இங்கே சியாக்காப் என்போம், பிடித்ததும் நீளம் அளந்து, முதுகில் இந்த மஞ்சள் துண்டைக் குத்தி, மறுபடி தண்ணீரில் விட வேண்டும். கார்டில் எண், நீளம், தேதி, பிடித்த இடம் எழுத வேண்டும். அதே மீன் இன்னொரு தடவை மாட்டினால் திரும்ப எழுத வேண்டும். மீன் எங்கே தங்குகிறது, எங்கே முட்டை போடுகிறது என்று அதை வைத்துத் தெரிந்துகொள்ளலாம் என்றார்.

மச்சான் விழுந்து விழுந்து சிரித்தான். "டாக்டரம்மா, பிடிச்ச மீன தண்ணில விடுறதுக்கு நான் ஏன் லா வெயில்ல காயணும்? வீட்டுல படுத்திருப்பேனே."

"சின்னத நீங்க சாப்பிடுங்க அண்ணே. பெரிய தாய் மீன மட்டும் எனக்கு விடுங்க," என்றார் டாக்டர். "விட்டா அது குட்டி போட்டு ஒங்களுக்கே திரும்ப வரும்."

"மீன் குட்டி போடுமா? ஒரு டாக்டர் சொல்ற பேச்சா இது?"

டாக்டரும் சிரித்துவிட்டார். அன்றைக்கே அவனுக்கு ஒரு தொப்பி கொடுத்தார். அவ்வளவுதான், மச்சான் அவர் கட்சிக்கு மாறிவிட்டான். எங்களோடு சேர்த்துப் பதினொரு பேர் கார்டு எழுத ஒப்புக்கொண்டோம். தமிழர்கள், மலாய்க்காரர்கள், இரண்டு சீனக் கிழவர்கள்.

தூண்டில்காரர்களின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மீன் தங்குகிற ஆழத்துக்கு லுபோக் என்று பெயர். தன் லுபோக்கை எவனும் எவனுக்கும் சொல்ல மாட்டான். பெண்டாட்டிக்குச் சொல்ல மாட்டான், கூடப் பிறந்தவனுக்குச் சொல்ல மாட்டான். கேட்டால் வேறு இடத்தைக் கைகாட்டுவான். கேட்கிறவனுக்கும் அது தெரியும். அதை யாரும் பொய் என்று நினைப்பதில்லை. என் லுபோக் ஒரு உப்பாற்றில் இருந்தது. கைவிட்ட இறால் குளத்தின் உடைந்த மதகுக்குப் பின்னால், பாக்காவ் என்கிற அலையாத்தி மரங்களின் வேர் இறங்கி நிற்கும் வளைவில். எப்போதாவது இன்னொருவன் அந்தப் பக்கம் எதிரே வருவான். "சும்மா பாக்க வந்தேன்" என்பான். "நானும் சும்மாதான்" என்பேன். இரண்டு பேர் கையிலும் உயிர் இறால் வாளி இருக்கும்.

முதல் கார்டு எழுதியபோது, பிடித்த இடம் என்ற கட்டத்தில் பேனா நின்றது. கொஞ்ச நேரம் யோசித்தேன். ஜெட்டி என்று எழுதினேன். படகு கட்டுகிற ஜெட்டி எல்லாருக்கும் தெரிந்த இடம், சொன்னால் ஒன்றும் குறையாது. அடுத்த கார்டிலும் ஜெட்டி. நான்கு வருடம் ஜெட்டி. நீளத்தை அரை செண்டிமீட்டர் பிசகாமல் எழுதுவேன். எண்ணை இரண்டு தடவை சரிபார்ப்பேன். நானூற்றுப் பதினேழை மூன்று தடவை பிடித்தேன், மூன்றும் அதே மதகுக்குப் பின்னால். மூன்றாவது கார்டைப் பார்த்து டாக்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாருங்க அண்ணே, இது ஜெட்டிய விட்டுப் போகவே மாட்டேங்குது!" என்றார். நான் தலையாட்டினேன்.

பிறகு அந்தக் கரையில் கட்டடம் கட்ட ஒரு கம்பெனி வந்தது. ஒன்று ஜெட்டிப் பக்கத்தைத் தூர்ப்பது, இல்லையென்றால் உப்பாற்றை. பொதுமண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். டாக்டர் எங்கள் பதினொரு பேரையும் முன்வரிசையில் உட்கார வைத்தார். விளக்கை அணைத்துத் திரையில் ஒரு வரைபடம் போட்டார். ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு சிவப்புப் புள்ளி. ஜெட்டியில் புள்ளிகள் எறும்பு மொய்த்த மாதிரி இருந்தன. உப்பாறு வெள்ளையாக இருந்தது. ஒரு புள்ளி இல்லை.

நான் ஒருவன் மட்டும் பொய் எழுதியிருந்தால் உப்பாற்றில் புள்ளி கொஞ்சம் குறைந்திருக்கும். ஒன்றுகூட இல்லை என்றால்? திரும்பிப் பார்த்தேன். மற்ற பத்துப் பேரும் குனிந்து தங்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தான் ஒருவன் மட்டுமே பொய் எழுதியதாக ஒவ்வொருவனும் நினைத்திருந்தோம்.

டாக்டர் ஜெட்டிக்காக அன்று வாதாடியதை என்னால் மறக்க முடியாது. குரல் உயர்த்தவில்லை. தாய் மீன் இருக்கிற இடம் இது, இதைத் தொட்டால் இந்தக் கரையில் சியாக்காப் இல்லை, கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் மீன் இல்லாத உப்பாற்றுப் பக்கம் போங்கள் என்றார். கூட்டத்துக்கு வந்திருந்த அரசு அதிகாரி தலையாட்டி எழுதிக்கொண்டார். மண்டபம் கை தட்டியது. மச்சான் என் தொடையைக் கிள்ளினான். "எந்திரிச்சு சொல்லு மச்சான்," என்றான் காதோரம். "நீ சொல்லு," என்றேன். அவன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். நானும் எழுந்திருக்கவில்லை. வெட்கம் ஒரு காரணம். இன்னொன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். அந்த நிமிடத்திலும், அத்தனை பேர் முன்னால் அந்த இடத்தைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிறு காலை மச்சான் போன் செய்தான். எப்போதும் பேசிக்கொண்டே இருப்பவன் "மச்சான், உடனே வா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான். போனேன். உப்பாற்றின் வாயை மண் போட்டு அடைத்து, பம்பு வைத்துத் தண்ணீரை இறைத்திருந்தார்கள். பாக்காவ் மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. என் வளைவு எது என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. சேற்றில் மீன்கள் கிடந்தன. என் கை நீளம், அதற்கும் மேல். சில இன்னும் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன. முதுகில் மஞ்சள், மஞ்சள், மஞ்சள்.

டாக்டர் எங்களுக்கு முன்பே வந்திருந்தார். வேலைக்கு வந்திருந்த வங்காளதேசத்துப் பையன் ஒருவன் மஞ்சள் துண்டில் இருந்த நம்பருக்குப் போன் செய்திருக்கிறான். அவர் சேற்றில் மண்டியிட்டு ஒவ்வொரு மீனாக எண்ணை வாசித்து, நோட்டுப் புத்தகத்தில் விரல் வைத்துத் தேடினார். ஒரு எண், ஜெட்டி. அடுத்த எண், ஜெட்டி. புத்தகம் சரியாக இருக்கிறதா என்று அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அண்ணே, நானூத்திப் பதினேழு. இது ஒங்க மீன்தானே?"

"ஆமா."

"ஜெட்டியில பிடிச்சீங்க."

"இல்ல."

அவர் முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. யாரோ பின்னாலிருந்து அடித்த மாதிரி வாய் கொஞ்சம் திறந்திருந்தது. "எத்தன கார்டு?" என்றார்.

"எல்லாம்."

மச்சான் பக்கம் திரும்பினார். அவன், "எனக்கும் அதான் டாக்டர்," என்றான். "எல்லாருக்கும் அதான் லா." சொல்லிவிட்டு அழுதான். நாற்பது வருடப் பழக்கத்தில் அவன் அழுது நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

டாக்டர் மண் கரையில் உட்கார்ந்துவிட்டார். "மண்டபத்துல நாந்தானே அண்ணே சொன்னேன், இங்க தூருங்கன்னு," என்றார். வைதிருந்தால் தாங்கியிருப்பேன். உயிர் இருந்த மீன்களைச் சாக்கு நனைத்துச் சுற்றி, மண் தடுப்பைத் தாண்டித் தூக்கிப் போய்க் கடலில் விட்டோம். ஆறு மீன்கள் பிழைத்தன. நானூற்றுப் பதினேழு பிழைக்கவில்லை. துண்டைக் கத்தியால் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

பிறகு டாக்டர் தன் வரைபடம் தப்பு என்று வெளிப்படையாக எழுதினார். என் மகள் அதை எனக்குப் படித்துச் சொன்னாள். எங்கள் பெயர் ஓர் இடத்திலும் இல்லை. விவரம் சேகரித்த முறை என்னுடையது, பிழையும் என்னுடையது என்று இருந்தது. உப்பாறு திரும்பி வரவில்லை. டாக்டர் வேலை மாறி வேறு மாநிலக் கரைக்குப் போய்விட்டார். போகும் முன் புந்தோங்கில் எங்கள் வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்தார். "ஒங்க லுபோக்க என்கிட்ட சொல்லுவீங்களான்னு மொதல்லயே கேட்டிருக்கணும் அண்ணே. நான் கேக்கவே இல்ல," என்றார். நான் மன்னிப்புக் கேட்க நினைத்து, "இன்னொரு கப் ஊத்தவா?" என்று கேட்டேன்.

இப்போது அங்கே போனால் சிமெண்டுச் சுவரும் கார் நிறுத்துமிடமும் இருக்கின்றன. ஜெட்டியில் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். மீன் இல்லை. முன்பும் அங்கே பெரிதாக இருந்ததில்லை.

என்னிடம் இன்னொரு லுபோக் இருக்கிறது. வேறு ஆறு, அதிகத் தூரம். மச்சானுக்கும் தெரியாது. போன மாதம் அங்கே ஒரு சியாக்காப் மாட்டியது. முதுகில் மஞ்சள், பாசி படிந்திருந்தது. அன்று பிழைத்த ஆறு மீன்களில் ஒன்று. நீளம் அளந்தேன், எண்ணை இரண்டு தடவை பார்த்தேன், தண்ணீரில் விட்டேன். பெட்டியின் அடியில் பழைய கார்டு ஒன்று பாக்கி கிடந்தது. மடியில் வைத்து எழுதினேன். பிடித்த இடம் என்ற கட்டம் வந்ததும் பேனா பழையபடி நின்றது. மூடிக்குள் இருந்த மஞ்சள் துண்டைப் பார்த்தேன்.

எழுதினேன். ஆற்றின் பெயர், எந்த வளைவு, எந்த மரத்தடி, எல்லாம். மறுநாள் டாக்டருக்குத் தபாலில் சேர்த்தேன். அந்த இடத்தை இங்கே எழுத மாட்டேன். அவருக்குத் தெரிந்தால் போதும்.