ரதி இட்டுக்கட்டிய வரி

பதுளையில் தமிழ் படிப்பிக்கும் நான், ‘இட்டுக்கட்டுதல்’ என்ற சொல்லுக்குப் பிள்ளைகளிடம் ஒரே பொருளைத்தான் சொல்லி வந்தேன்: நடக்காததை நடந்ததாகச் சொல்வது. இடுதல் என்றால் வைத்தல். கட்டுதல் எல்லோருக்கும் தெரிந்தது. பூவை இட்டு நாரால் கட்டுவதுபோல, இல்லாத ஒன்றை இருப்பதோடு சேர்த்து முடிந்துவிடுவது. சொல் எங்கிருந்து வந்தது என்று கேட்கிற பிள்ளைக்கு அது போதும்.

மடுல்சீமைப் பக்கம், என் கணவர் பிறந்த தேயிலைத் தோட்டத்தில் அது வசைச்சொல் இல்லை. பழைய பாட்டின் நடுவே சொந்த வரியைக் கலந்து, மெட்டு பிசகாமல் பாடுவதுதான் அங்கே இட்டுக்கட்டுவது. “அவன் நல்லா இட்டுக்கட்டுவான்” என்றால் பெரிய பாராட்டு. பாட்டில் இருந்த சொல்தான் பிறகு வம்புக்கும் வழக்குக்கும் போயிருக்க வேண்டும். இது என் எண்ணம். அகராதி பார்த்துச் சொல்லவில்லை.

இந்த மாசியில் அங்கே காமன் கூத்து நடந்தது. மன்மதன் வேஷம் என் மகனுக்கு. எல்ல என்ற ஊரில் ஹோட்டல் வேலையில் இருப்பவன், லீவு போட்டு வந்திருந்தான். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு மூச்சிழுப்பு உண்டு. வேஷ உடுப்பில் பை இல்லாததால் மூச்சு முட்டினால் வாயில் வைத்து அழுத்தும் அவனுடைய பம்பை நான் என் கைப்பையில் வைத்திருந்தேன். ரதியாகச் சேலை கட்டியவன் என் நாத்தனார் மகன்.

சிவன் கண் திறந்து மன்மதனை எரிக்கும் கட்டம் விடிகாலையில் வந்தது. காய்ந்த மானாப்புல்லுக்குத் தீ வைத்தார்கள். பனியில் புகை மேலே போகாமல் மைதானத்திலேயே படுத்துக்கொண்டது. மகன் விழுந்தான். விழ வேண்டியவன்தான். வெள்ளைத் துணி போர்த்தினார்கள், தப்பு மேளம் முழங்கியது, ரதி மேலே விழுந்து ஒப்பாரி வைத்தான். பாட்டு முடியும்வரை ரதியைத் தவிர யாரும் காமனைத் தொடக் கூடாது என்பது அங்கே வழக்கம். சுற்றியிருந்த பெண்கள் அழுதார்கள். நானும் அழுதேன்.

அப்போது மைக்கில் ரதியின் பாட்டு மாறியது.

“பாக்க வந்த சனமெல்லாம் தள்ளி நில்லுங்க,
எம்புருசன் மூச்சு இப்ப நெசமா முட்டுதுங்க,
டீச்சரம்மா கைப்பையில பம்பிருக்கு,
கொண்டாந்து குடுத்தாத்தான் உசிரிருக்கு.”

கூட்டம் சிரித்தது.

“எங்கேருந்துதான் கட்டுறானோ இந்தப் பய,” என்றாள் பக்கத்தில் இருந்தவள். “போன வருசம் சிவனுக்கு டோர்ச் லைட்டு குடுத்தான். இந்த வருசம் பம்பாம்.”

“அடுத்த வருசம் எமனுக்கு ஆட்டோ புடிச்சுக் குடுப்பான்,” என்றார் பின்னால் ஒருவர்.

நான் ஓடினேன். பூசாரி கையை நீட்டி மறித்தார். “அம்மா, உள்ள போகக் கூடாதுங்க.” அவரைத் தள்ளினேனா, விலகிப் போனேனா, நினைவில்லை. துணியை விலக்கியபோது சாயம் பூசிய முகத்தில் உதடு மட்டும் நீலமாக இருந்தது. பம்பை வாயில் வைத்து அழுத்தினேன். மறுபடி அழுத்தினேன். நெஞ்சுக்குள் விசில்போல ஒரு சத்தம் கேட்டது. அதைவிட நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை. தப்பு அதற்குப் பிறகுதான் நின்றது.

ஆஸ்பத்திரி வாசலில், ரதிச் சேலையோடு உட்கார்ந்திருந்த நாத்தனார் மகனிடம் கேட்டேன். “ஏன்டா பாடிக்கிட்டிருந்த? கத்தக் கூடாதா?”

“கத்துனேன் அத்தை. ஐயோ ஐயோன்னு கத்துனேன். ரதி வேற என்ன கத்துவா? யாரும் நம்பல. எந்த ரதியும் பம்பு கேக்கமாட்டா. அதைக் கேட்டா நீங்க மட்டுமாவது ஓடி வருவீங்கன்னு நெனச்சேன்.”

அந்த வரிகளில் ஒன்றுகூடப் பொய் இல்லை. ஆனால் அவன் அவற்றை இட்டுக்கட்டத்தான் செய்தான். இந்த இரண்டையும் ஒரே சொல்லுக்குள் வைத்துப் பிள்ளைகளுக்கு எப்படி விளக்குவது என்று இன்னும் பிடிபடவில்லை.

மகன் எல்லவுக்குத் திரும்பிவிட்டான். தினமும் அவனுக்குப் போன் எடுக்கிறேன். “நல்லா இருக்கேம்மா” என்கிறான். நான் கவலைப்படக் கூடாது என்பதற்காகச் சொல்கிறானோ என்று தோன்றும். அதனால், கொஞ்சம் பேசிக்கொண்டே இரு என்பேன்.

“என்னம்மா, செய்தி வாசிக்கவா?”

“வாசி.”

சிரித்துக்கொண்டே அன்றைய சமையலையும், வெள்ளைக்காரர்கள் மழையில் நனைந்து வந்த கதையையும் சொல்வான். அவன் சொல்வதை நான் சரியாகக் கேட்பதில்லை. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே அவன் மூச்சு எடுக்கிறானா என்று கேட்கிறேன்.