அம்மா கிள்ளிய வேலி

உதட்டை நக்கினால் உப்புக் கரித்தது. கடலைப் பற்றி நான் முதலில் அறிந்துகொண்டது அதுதான். ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் பனிக்குள் இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில் காற்றுக்கு ருசி கிடையாது, குளிர் மட்டும்தான். எனக்கு அப்போது ஒன்பது வயது. சித்தப்பாவின் பழைய வேனில் நாலந்தா, தம்புள்ளை, கந்தளாய் என்று நின்று நின்று போய், திருகோணமலைக் கோயிலில் கும்பிட்டுவிட்டு, நிலாவெளியில் கடலோரமாக ஒரு சின்ன வீட்டை இரண்டு நாளைக்கு வாடகைக்கு எடுத்தார் அப்பா. அதெல்லாம் தோட்டத்துத் துரைமார் செய்கிற காரியம் என்று லயத்து வரிசை வீடுகளில் சிரித்தார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கல்யாணம் கட்டி வந்த நாளிலிருந்து அம்மா பகலில் ஓய்ந்து உட்கார்ந்து அவர் பார்த்ததே இல்லையாம். ஒரு நாளாவது பார்த்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை.

"இந்தா, ரெண்டு நாளைக்கு நீதான் தொரசாணி. ஒரு வேலையும் தொடக்கூடாது."

"தொரசாணின்னா ஒரு நாற்காலியாச்சும் வேணும்லங்க?" என்றாள் அம்மா. அப்பா எங்கிருந்தோ ஒரு சாய்வு நாற்காலியைத் தூக்கிவந்து விறாந்தையில் போட்டார்.

மறுநாள் விடியும்போதே அம்மா எழுந்துவிட்டாள். தோட்டத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கிற "பெரட்டு" நேரம் அது. நானும் அப்பாவும் சித்தப்பாவும் கடலில் நனைந்துவிட்டுத் திரும்பியபோது நாற்காலி காலியாக இருந்தது. முற்றத்தில், செவ்வரத்தை என்கிற செம்பருத்தி வேலியோரம் அம்மா கடலைப் பார்த்தபடியே நடந்துகொண்டிருந்தாள், ஆனால் அவளுடைய இரண்டு கைகளும் வேலியின் தளிர்களைக் கிள்ளிக் கிள்ளி மடியில் போட்டுக்கொண்டிருந்தன. தேயிலைக் கொழுந்து பறிப்பது போலவே. அநேகமாக வேலி முழுவதையும் கிள்ளி முடித்திருந்தாள்.

பக்கத்தில் குடியிருந்த வீட்டுக்காரம்மா அப்போதுதான் பூ எடுக்க வந்தார்.

"ஐயோ கடவுளே, சாமிக்கு வைக்கிற பூச்செடியெல்லோ! மொட்டையடிச்சுப் போட்டியளே!"

அப்பாவுக்கு முகம் செத்துவிட்டது. "மன்னிச்சுக்கங்கம்மா, நாங்க இப்பவே கெளம்பிர்றோம்" என்று மூட்டையைத் தூக்கப் போனார். அம்மாவின் ஓய்வு இதோடு போயிற்று என்று எனக்கு அழுகை வந்தது.

அம்மா தலை குனியவில்லை. "தப்பு என்னோடதுதாங்க. சும்மா இருந்து பழக்கமில்ல, கை அதுபாட்டுக்குப் போயிருச்சு. ஆனா செடி கெடாதுங்க. கிள்ளுன எடத்துல ரெண்டு ரெண்டா வெடிக்கும், பெறகு பாருங்க, பூ எடுத்து மாளாது. நான் கிள்ளுன செடி ஒண்ணும் பட்டுப்போனதில்ல."

வீட்டுக்காரம்மா வேலியைக் குனிந்து பார்த்தார். ஒரு காம்பிலும் நார் கிழியவில்லை, ஓர் இலையும் நசுங்கவில்லை. பலகை வைத்துச் சீவியதுபோல மேல்பக்கம் ஒரே மட்டம். கோபம் மெல்ல இறங்கி, வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

"கயிறு பிடிச்சு வெட்டுறவனுக்கும் இப்பிடி வராது பிள்ளை. இரும், தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறன்."

உதவிக்குப் பின்னாலேயே போன அம்மாவை, "நீர் இரும் எண்டெல்லோ சொன்னனான்" என்று நாற்காலியில் அமுக்கி உட்கார வைத்தார். பிறத்தியார் போட்டுக் கொடுத்து அம்மா தேநீர் குடித்ததை அன்றுதான் பார்த்தேன். ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "இது நம்ம தோட்டத்துத் தூள் இல்லடி" என்று என் காதில் சொன்னாள். பிறகு காலை நீட்டினாள், அப்படியே தூங்கிப்போனாள். அப்பா ஒரு துண்டை வைத்துக்கொண்டு மத்தியானம் வரைக்கும் முற்றத்தில் காகம் விரட்டினார்.

போன மாதம் மகள் குடும்பத்தோடு அதே கடலோரத்தில் வாடகைக்கு அறை எடுத்துத் தங்கினோம். அந்த வீடு இல்லை. செவ்வரத்தை நின்ற இடத்தில் ஆள் உயரத்துக்கு மதில். வேலி தழைத்ததா என்று பார்க்க அதற்கு முன் எங்களில் யாரும் திரும்பிப் போனதில்லை. நானும் முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து பறித்தவள். எனக்குப் போய்ப் பார்க்கத் தேவையில்லை. பூத்துக் கொட்டியிருக்கும்.